முதலில் கால் ஊன்றியவன்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்கலாம். தலைக்கவசம், கையுறை, உடம்போடு ஒட்டிய பச்சை பனியன் சகிதம் பத்துப் பதினைந்து பேர் ஒருவர் பின் ஒருவராக சைக்கிள் மிதித்துக்கொண்டு போவார்கள். அந்த வரிசையின் கடைசியில், வயிற்றின் மேல் ஏறிக்கொண்டே இருந்த பனியனை ஒரு கையால் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு போன ஆசாமி நான்தான். உடம்பைக் குறைக்கப் போனேன் என்று நினைத்தால் தவறு. கிராமத்துக் காற்று வாங்கவும் போகவில்லை. நான் பிள்ளைப்பாக்கத்தில் பிறந்தவன், அந்தக் காற்றை இலவசமாகவே நிறைய வாங்கியிருக்கிறேன். நான் போனது என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள.

கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பாகத்தைச் செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. அசெம்பிளி லைனில் நான் மெயின்டனன்ஸ் இன்சார்ஜ். எந்த மிஷின் முரண்டு பிடித்தாலும் என் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டில் கை வைத்திருக்கும்போது கூப்பிடுவார்கள், கழிப்பறை வாசலில் நின்றுகொண்டு கூப்பிடுவார்கள். வீட்டில் அதைப் பற்றி நான் புலம்பாத நாள் கிடையாது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தக் கூப்பாடு எனக்குப் பிடிக்கும். நின்றுபோன லைன் என் கைபட்டு மறுபடி ஓடும்போது, பக்கத்தில் நிற்கிற பையன்கள் பார்க்கிற பார்வைக்காகவே நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

போன ஆடியில் எனக்கு இருதயத்தில் அடைப்பு என்று கம்பி வைத்தார்கள். ஸ்டென்ட்டை எங்கள் பக்கத்தில் கம்பி என்றுதான் சொல்வோம். நான் நன்றாகத் தேறிவிட்டேன். இனி எல்லா வேலையும் செய்யலாம் என்று டாக்டர் எழுதியும் கொடுத்துவிட்டார். ஆனால் எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. உடம்புக்கு வந்தவர்களை ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள். லைட் டியூட்டி என்று அதற்குப் பெயர். ஸ்டோர் என்பது கட்டடத்தின் பின்பக்கம் ஏசி போட்ட ஒரு நீளமான அறை. போல்ட்டும் நட்டும் பேரிங்கும் அட்டைப் பெட்டிகளில் இருக்கும், கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அங்கே போனவர்கள் யாரும் லைனுக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. எனக்கு முன்னால் போன ஒருவர் ஆறே மாதத்தில் பேச்சுக் குறைந்து, கேன்டீனில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அவருக்கு வந்தது முதுகுவலிதான்.

என்னை லைனில் வைப்பதா ஸ்டோருக்கு அனுப்புவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் ஆலையின் தலைமை மேலாளர். நாங்கள் பிளான்ட் ஹெட் என்போம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், சென்னைக்காரர், கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. என் சர்டிஃபிகேட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“பேப்பர் எல்லாம் ஓகேப்பா. ஆனா ஆள நான் பாக்கணுமே. சன்டே ரைடுக்கு வாங்க. ஃபுல்லா முடிச்சீங்கன்னா நானே சைன் பண்ணிடறேன்.”

ரைடு என்றது, எங்கள் மேலாளர்களும் என்ஜினியர்களும் கிளப் என்று ஒன்று வைத்து ஞாயிறுதோறும் கூட்டமாக சைக்கிள் ஓட்டிப் போவதை. படித்துப் பட்டம் வாங்கிய இருதய டாக்டர் பார்த்துச் சொன்னது போதாதாம். இவர் சைக்கிளில் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “கண்டிப்பா வரேன் சார்” என்றேன்.

குன்றத்தூரில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைக் கூடத் துடைக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

“இன்னாங்க இது அநியாயமா கீது? நெஞ்சுல கம்பி வெச்ச ஆம்பளைய சைக்கிள் ஓட்டிக் காட்டுன்றாரா? நாளைக்கு மரம் ஏறிக் காட்டுன்னா ஏறுவீங்களா?”

“டாக்டரே சைக்கிள் ஓட்டலாம்னுதான் சொன்னாரு.”

“அவரு தெருமுனைக்குப் போயி பால் வாங்கறதுக்குச் சொன்னாரு. ஏசி ரூம்ல உக்காந்து சம்பளம் குடுக்கறேன்னா கசக்குதா உங்களுக்கு?”

கசக்கத்தான் செய்தது. அதை அவளிடம் சொல்லத் தெரியவில்லை. புனேவுக்கு மாற்றலாகிப் போன எங்கள் என்ஜினியர் ஒருவரின் பழைய கியர் சைக்கிளை வாங்கி, ஒரு மாதம் குன்றத்தூர் மலையைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினேன். மலை மேல் இருக்கிற முருகனுக்கே என்னைப் பார்த்துத் தலை சுற்றியிருக்கும்.

மார்கழியில் ஒரு ஞாயிறு. ஒரகடம் கூட்டுரோட்டில், பூட்டிக் கிடந்த ஒரு பிரியாணிக் கடை வாசலில் கூடினோம். எங்கள் ஆட்களிடம் ஒரு சைக்கிளைக் கொடுத்தாலும் அதை ஒரு தொழிற்சாலையாக்கிவிடுவார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முதலில் எல்லோரும் வட்டமாக நின்று பாதுகாப்பு உறுதிமொழி எடுத்தோம். பிறகு மனிதவள மேலாளர், திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், டயரில் காற்று, பிரேக், மணி என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, எல்லோரும் “ஓகே” என்று கத்தினார்கள். எதிர் டீக்கடையில் நின்ற நைட் ஷிப்ட் பையன்கள், டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் என் லைன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம் கிளப்பின் சட்டம். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். எங்கள் லைனில் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். வேலையில் குறை கண்டவர் யாராக இருந்தாலும் அதை இழுக்கலாம், லைன் நின்றுவிடும். குறையைக் கண்டுபிடித்து நிறுத்துகிறவர்தான் உத்தமத் தொழிலாளி என்று சுவரெல்லாம் எழுதிப் போட்டிருக்கிறோம். ஆனால் அந்த நிறுத்தம் கயிற்றை இழுத்தவர் பெயரில்தான் பதிவாகும், சாயங்காலக் கூட்டத்தில் அவர்தான் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். அதனால் கயிற்றை யாரும் சீக்கிரத்தில் தொடுவதில்லை. இதே முறையை சைக்கிளுக்கும் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். யார் முதலில் தரையில் காலை ஊன்றுகிறாரோ அவர் பெயரில் நிறுத்தம். திங்கட்கிழமை கூட்டத்தில் அவர் காரணம் சொல்ல வேண்டும்.

எழுதாத சட்டமும் ஒன்று இருந்தது. பிளான்ட் ஹெட்டை யாரும் முந்தக்கூடாது. அவர் முன்னால், அவருக்குப் பின்னால் மேலாளர்கள் பதவி வரிசைப்படி, அதற்குப் பின்னால் என்ஜினியர்கள், கடைசியில் நான், எனக்கும் பின்னால் வாழைப்பழமும் டியூபும் ஏற்றிய கம்பெனி வேன். அவர் சைக்கிளைத் தூக்கிப் பார்த்தால் முருங்கைக்காய்க் கட்டுக் கனம்தான் இருக்கும். அதன் விலையில் நான் வீட்டுக்கு மாடி எடுத்திருப்பேன். அதை வைத்துக்கொண்டு அவர் போன வேகமோ, கோவில் தேர் நிலையைவிட்டுக் கிளம்புகிற வேகம்.

கிராமியப் பயணம் என்று கிளப் அதற்குப் பெயர் வைத்திருந்தது. முதல் அரை மணி நேரம் இடதுபக்கம் மதில்சுவர், வலதுபக்கமும் மதில்சுவர். நடுவில் புது கார்களைச் சுமந்த நீள லாரிகள் உறங்கிக்கொண்டிருந்தன. எழிச்சூர் தாண்டிய பிறகுதான் நெல் வயல் கண்ணில் பட்டது, அதற்கு நடுவிலும் மனைப்பிரிவுக்காரன் நட்ட மஞ்சள் கொடிகள். உடனே எல்லோரும் ஓட்டிக்கொண்டே “சூப்பர் சார்”, “ஃப்ரெஷ் ஏர் சார்” என்று முன்பக்கம் பார்த்துக் கூவினார்கள். எதிரில் பால் கேன் கட்டிய மோட்டார் பைக்கில் வந்தவன் எங்கள் பெயின்ட் ஷாப்பில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறவன். எங்களைப் பார்த்ததும் பதறிப்போய் வண்டியை நிறுத்திவிட்டான்.

“இன்னா சார், கார்லாம் ரிப்பேரா? கம்பெனி பஸ்ஸு கூட வர்லியா? போன் போட்டு வண்டி சொல்லட்டா?”

எல்லோரும் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு மிதித்தார்கள். வரிசையின் கடைசியில் வந்த என்னிடம், “இன்னாண்ணா, உன்னியும் இட்டாந்துட்டாங்களா?” என்று நிஜமான வருத்தத்தோடு கேட்டான்.

வாலாஜாபாத்தில் டிபன். நான் இட்லியோடு நிறுத்திக்கொண்டேன். மூச்சு சீராக இருந்தது, நெஞ்சு சுத்தமாக இருந்தது, பாதி தூரம் முடிந்துவிட்டது. இன்னும் இதே அளவு ஓட்டிவிட்டால் லைன் என்னுடையது. மனசுக்குள் விசில் அடிக்கத் தோன்றியது. பிளான்ட் ஹெட் பொங்கலைக் கிளறிக்கொண்டே இருந்தார், வாயில் வைத்தது குறைவு. இரண்டு மூன்று தடவை ஏப்பம் விட்டார். கிளம்பும்போது என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“நீங்க என் பக்கத்துல வாங்க. உங்க ஃபிட்னஸ் எப்படின்னு பாத்துடுவோம்.”

கடைசி ஆள் இரண்டாவது ஆளானேன். எனக்குப் பின்னால் வந்த மேலாளர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

பக்கத்தில் வந்த பிறகுதான் பார்த்தேன். பனி இன்னும் விலகாத குளிர், எங்கள் யாருக்கும் சரியாக வேர்க்கக்கூட இல்லை. அவர் முகத்திலிருந்து மட்டும் குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவர்போல் தண்ணீர் சொட்டியது. இடது கையை அடிக்கடி கைப்பிடியிலிருந்து எடுத்து உதறினார். தாடையைத் தேய்த்துக்கொண்டார்.

“சார், உடம்பு ஒண்ணும் பண்ணலையே?”

“அசிடிட்டிப்பா. நேத்து நைட்டு பரோட்டா. நீங்க உங்க ஹார்ட்டப் பாத்துக்குங்க.”

ஆடி மாதம் எனக்கும் இதே வேர்வைதான், இதே தாடைதான். பரோட்டாவுக்குப் பதிலாக நான் பலாப்பழத்தின் மேல் பழி போட்டேன். பெருங்காயம் போட்ட மோரைக் குடித்துவிட்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று மூன்று மணி நேரம் கூடத்தில் நடந்தேன். என் மனைவி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவைக் கொண்டுவந்தார். இல்லையென்றால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

ஏரிக்கரையை ஒட்டிச் சாலை லேசாக மேடேறும் இடம் வந்தது. பிளான்ட் ஹெட்டின் வேகம் குறைந்தது. அவர் குறைத்ததும் நான் குறைத்தேன், எனக்குப் பின்னால் அத்தனை பேரும் குறைத்தார்கள். இன்னும் குறைந்தது. நடக்கிற வேகத்துக்கு வந்தது, பிறகு அதற்கும் கீழே போனது. சைக்கிள்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடத் தொடங்கின. பின்னால் திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டு பெரிய மனிதர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, கைப்பிடியை வலமும் இடமும் வெட்டி வெட்டி, விழாமல் இருப்பதையே ஒரு வித்தையாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் காலை ஊன்றவில்லை. ஊன்றினால் திங்கட்கிழமை அவர்தான் எழுந்து நிற்க வேண்டும். ஒருவரும் முந்தவுமில்லை. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா எங்களைச் சாவகாசமாகத் தாண்டிப் போனார்.

“இன்னாய்யா, இந்த வயசுல வண்டி ஓட்டக் கத்துக்கினு கீறீங்களா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

“நின்னுடலாம் சார்” என்றேன் மெதுவாக.

“நோ நோ. நான் நிக்க மாட்டேன்” என்றார். அவருக்குப் பேச்சே பாதி பாதியாக வந்தது. “ஹெட் ஆபீஸ்ல அடுத்த மாசம் என் புரமோஷன் பேசறாங்க. இவங்கள்ல ஒருத்தன் போதும், போட்டுக் குடுக்க. எனக்கு ஒண்ணும் இல்ல.”

எனக்கு ஒண்ணும் இல்லை. எத்தனை தடவை சொல்லியிருப்பேன் இந்த வார்த்தையை. அந்த மேட்டில் வைத்து அதை இன்னொருவர் வாயால் கேட்டபோது பயமாக இருந்தது. சத்தம் போட்டு எல்லோரையும் கூப்பிட்டால் இவர் மறுப்பார். பிளான்ட் ஹெட் ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதான், பன்னிரண்டு பேரும் ஆமாம் சார் என்பார்கள். ஒருவர் ஜெலுசில் கொடுப்பார், ஒருவர் சோடா வாங்கி வருவார், வரிசை மறுபடி கிளம்பும். இவருக்கு வலி என்று வேனை வரவழைக்க முடியாது. யாருக்கு வலி என்றால் எல்லோரும் உடனே நம்புவார்கள் என்று யோசித்தேன். யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் என் லைன், அந்தக் கூப்பாடு, பையன்கள் பார்வை எல்லாம் கண்முன்னால் வந்து நின்றது உண்மை. வேண்டாம், பேசாமல் மிதி, இவர் யார் உனக்கு என்றும் ஒரு குரல் சொன்னது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

காலை ஊன்றினேன்.

“சார், எனக்கு நெஞ்சு வலிக்குது” என்று உரக்கச் சொன்னேன். சைக்கிளைக் கீழே போட்டு, மார்பைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்தேன். பள்ளிக்கூட நாடகத்தில் கூட நான் திரைக்குப் பின்னால் மணி அடித்தவன். இருந்தாலும் நன்றாகவே செய்தேன் போலிருக்கிறது. பின்னால் படபடவென்று பன்னிரண்டு கால்கள் தரையில் விழுந்தன. எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி.

மனிதவள மேலாளர் ஓடி வந்தார். “ஐயையோ, நான் அப்பமே நெனச்சேன் சார். நெஞ்சுல கம்பிய வச்சிக்கிட்டு இதெல்லாம் ஒங்களுக்குத் தேவையா? ஏ வண்டிய எடுத்துட்டு வாங்கய்யா!”

வேன் வந்தது. நான் பிளான்ட் ஹெட்டின் கையைப் பிடித்துக்கொண்டேன். “தனியா போக பயமா இருக்கு சார். நீங்க கூட வாங்க சார்” என்றேன். எல்லோர் முன்னாலும் ஒரு தொழிலாளி கையைப் பிடித்துக் கெஞ்சும்போது உதறிவிட்டு சைக்கிள் ஓட்ட எந்தப் பிளான்ட் ஹெட்டாலும் முடியாது. தவிர, ஒரு கௌரவமான காரணத்தோடு சைக்கிளை விட்டு இறங்கக் கிடைத்த வாய்ப்பு அது. அவர் ஏறி உட்கார்ந்த அவசரத்தைப் பார்த்ததும் வலி எவ்வளவு என்று தெரிந்தது. யாரோ கை தட்டினார்கள், யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள்.

வேன் ஓட்டுகிறவர் கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னா சார், நோவுதுன்றது நீ, மூஞ்சி வெளுத்துக் கெடக்கறது அவருக்கா?” என்றார்.

“எனக்குத்தான்யா நோவுது, நீ வேகமா ஓட்டு” என்றேன்.

ஒரகடம் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் என்னைத்தான் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். பிளான்ட் ஹெட் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். என் பனியனை மேலே தூக்கி மார்பில் ஒயர்களை ஒட்டினார்.

“மேடம், எனக்கு ஒண்ணும் இல்ல. வெளிய உக்காந்திருக்காரே, அவரைப் பாருங்க.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அசையாம படுங்க.”

பொய் சொன்னபோது ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னால் அசையாமல் படுக்கச் சொல்கிறார்கள். என் ஈசிஜி தாள் வந்த பிறகுதான், “இப்ப ஒண்ணும் புதுசா தெரியலையே” என்று இழுத்தார். நான் சாலையிலும் வேனிலும் பார்த்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் முகம் மாறியது. உடனே வெளியே போய்க் கூப்பிட்டார். பிளான்ட் ஹெட் சிரித்துக்கொண்டே மறுப்பது எனக்குக் கேட்டது. “எனக்கு வெறும் கேஸ் டாக்டர். நான் அவரோட பாஸ். நீங்க அவரைக் கவனிங்க.”

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஆலையில் எந்த அளக்கும் கருவியையும் அப்படியே நம்ப மாட்டோம். குறையே இல்லாத ஒரு சாம்பிளை எண்ணெய் தடவிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்போம். மாஸ்டர் பீஸ் என்று பெயர். கருவியில் சந்தேகம் வந்தால் அதை வைத்து அளந்து பார்ப்போம். ஒயர்களைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பனியனோடு வெளியே போனேன்.

“சார், என்னோடது குழப்பமா வருதாம். மிஷின்ல தப்பா, என்கிட்ட தப்பான்னு இவங்களுக்கு டவுட். நல்ல ஹார்ட் ஒண்ணு கெடைச்சா வெச்சு ஒப்பிட்டுப் பாத்துடலாமாம். மாஸ்டர் பீஸ் மாதிரி.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தனை வலியிலும் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? காலிபரேஷன் பண்ணாம எப்படிங்க ஒரு மிஷின யூஸ் பண்றீங்க?” என்று அந்தப் பெண்ணைக் கண்டித்துக்கொண்டே போய், தானாகப் படுக்கையில் ஏறிப் படுத்தார். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நல்லவேளை, ஒன்றும் கேட்கவில்லை.

தாள் வெளியே வரத் தொடங்கியதும் அந்தப் பெண்ணின் குரலே மாறிவிட்டது. “சார், எழுந்துக்காதீங்க. ப்ளீஸ், அப்படியே படுங்க” என்றவர், நர்ஸை உரக்கக் கூப்பிட்டார். ஆட்கள் ஓடிவந்தார்கள். பிளான்ட் ஹெட் என்னைப் பார்த்தார்.

“மிஷின்தானே ரிப்பேரு?”

“மிஷின் சரியாத்தான் இருக்கு சார்” என்றேன்.

அவர் கண் கலங்கியது. என் கையை இறுக்கிப் பிடித்தார். “வூட்டுக்கு மட்டும் சொல்லிடுப்பா. பிளான்ட்ல யாருக்கும் வேணாம். தெரிஞ்சா என்னைத் தூக்கி ஒரு மூலைல வெச்சிடுவாங்க” என்றார். அதுவரை என்னிடம் நீங்கள் போட்டுப் பேசியவர். அவருக்கு ஸ்டோர் என்று ஒன்று இருக்கும், அதை நினைத்து அவரும் தூங்காமல் கிடந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். ஆம்புலன்ஸ் வந்து அவரைச் சென்னைக்குக் கொண்டுபோனது. அவருக்கு மூன்று கம்பி வைத்தார்கள்.

ஆலையில் நடந்தது வேறு கதை. பிளான்ட் ஹெட்டுக்குச் சிறுநீரகத்தில் கல், அதற்காக லீவு என்று அறிவித்தார்கள். கல்லுக்கு எங்கள் ஊரில் மரியாதை உண்டு, ஆளாளுக்கு வாழைத்தண்டு சொன்னார்கள். வலியால் துடித்த தொழிலாளியைத் தானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன தலைவர் என்று நோட்டீஸ் போர்டில் அவர் படம் ஏறியது. படத்தில் என் முழங்கையும் கொஞ்சம் தெரியும்.

திங்கட்கிழமை கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். எந்தக் கோளாறு என்றாலும் ஐந்து தடவை ஏன் என்று கேட்டு மூலகாரணத்தைப் பிடிப்பது எங்கள் வழக்கம். ஏன் வரிசை நின்றது? இவர் காலை ஊன்றினார். ஏன் ஊன்றினார்? நெஞ்சுவலி. ஏன் நெஞ்சுவலி? இருதய நோயாளி. ஏன் இருதய நோயாளி சைக்கிள் ஓட்டினார்? லைனில் இருக்கத் தகுதி உண்டா என்று பார்க்க. ஏன் பார்க்க வேண்டியிருந்தது? அவரை இன்னும் ஸ்டோருக்கு மாற்றவில்லை. மூலகாரணம் கிடைத்துவிட்டது. எல்லோரும் தலையாட்டினார்கள். என் சட்டைப்பையில் என் ஈசிஜி தாள் இருந்தது, ஒரு குறையும் இல்லாதது. அதை எடுத்துக் காட்டினால், பிறகு ஏன் நெஞ்சுவலி என்றாய் என்று ஆறாவது ஏன் வரும். வாயை மூடிக்கொண்டேன். பொறுப்பில் இருந்த துணை மேலாளர் அன்றைக்கே உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் என் மனைவி சாமிக்கு விளக்கேற்றினாள். நான் மொட்டை மாடிக்குப் போய் அழுதேன்.

ஸ்டோருக்கு வந்தேன். இங்கே யாரும் என்னைக் கத்திக் கூப்பிடுவதில்லை. லைன் நிற்கிற சத்தம் கேட்டால் என் கால்கள் தானாக எழுந்துகொள்ளும், அப்புறம் உட்கார்ந்துவிடும். பையன்கள் பேரிங் வாங்க வந்தால், “அண்ணா, நீ தூக்காத, நான் எடுத்துக்கறேன்” என்கிறார்கள். கேன்டீனில் என் தட்டில் ஊறுகாய் வைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து பிளான்ட் ஹெட் திரும்பி வந்தார். இளைத்திருந்தார். கல் போய்விட்டதாக எல்லோரும் கை கொடுத்தார்கள். இவர் வந்ததும் முதல் வேலையாக என் உத்தரவை ரத்து செய்வார் என்று காத்திருந்தேன். ஒரு வாரம் போனது. ஒரு நாள் சாயங்காலம் ஸ்டோர் தணிக்கை என்று சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே வந்தார். கதவைச் சாத்திவிட்டு அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று மூச்சு வாங்கினார். ஆலைக்குள் ஒரு சுற்று நடந்து வந்தாலே முடியவில்லை போலிருக்கிறது. சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து விழுங்கினார். நான் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஒரு பெட்டியின் மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, “ஸ்டாக் எல்லாம் கரெக்டா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஆலையிலேயே மிக ஒழுங்காகத் தணிக்கை செய்யப்படுகிற இடம் என்று எங்கள் ஸ்டோருக்குப் பெயர் வந்துவிட்டது.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டேவிட்டேன்.

“சார், என்னைய எப்ப சார் லைனுக்கு மாத்துவீங்க? எனக்கு அன்னிக்கு ஒண்ணும் இல்லன்னு உங்களுக்குத் தெரியும். உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்.”

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“தெரியும்பா” என்றார். “மாத்தணும்னு தினமும் நெனச்சுக்கிட்டுதான் வரேன். உன்னை லைனுக்கு மாத்திட்டா இங்க வேற ஆள் வருவான். அப்புறம் நான் எங்கப்பா போய் உக்கார்றது?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கையில் இருந்த பேரிங் டப்பாவை அவர் மேல் எறிந்திருப்பேன். அவர் உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை எடுத்துப்போய் அவருக்குப் பின்னால் போட்டேன்.